காதும் திருகும்: கார் எஞ்சினின் எரிபொருள் கலவையை வீட்டில் சீரமைத்தலின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

பெட்ரோல் காரின் எஞ்சினுக்குள் செல்லும் காற்று, எரிபொருள் கலவையைச் சீரமைக்கும் வேலை இருபதாம் நூற்றாண்டின் முதல் எழுபது ஆண்டுகளில் உரிமையாளரின் கைக்கு எட்டுவதாக இருந்தது. அதன்பின் அது மூடியிட்டு அடைக்கப்பட்டது; பின்னர் கணினியிடம் ஒப்படைக்கப்பட்டது; இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறொரு வடிவில் வீட்டுக்குத் திரும்பியது. இம்மாற்றங்களை அமெரிக்க, பிரித்தானியச் சான்றுகளின் துணையுடனும் இந்தியச் சூழலோடு ஒப்பிட்டும் இக்கட்டுரை ஆராய்கிறது. உரிமையாளரின் திறமைக் குறைவால் திருகு மூடப்படவில்லை என்பதும், ‘நல்ல கலவை’ எது என்பதற்கான அளவுகோல் மாறியதே அதற்குக் காரணம் என்பதும் இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

திறவுச் சொற்கள்: கார்புரேட்டர், கலவைத் திருகு, தூய காற்றுச் சட்டம், ஆக்சிஜன் உணரி, தொழில்நுட்ப வரலாறு, பயனர் அறிவு

முன்னுரை

தொழில்நுட்ப வரலாறு நெடுங்காலம் கண்டுபிடிப்பாளர்களின் வரலாறாகவே எழுதப்பட்டது. ஒரு கருவியை விலைகொடுத்து வாங்கி, நாள்தோறும் பயன்படுத்தி, பழுதுபார்த்து, தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டவர்கள் அவ்வரலாற்றில் பெரிதாக இடம்பெறவில்லை. ரொனால்ட் க்ளைன், ட்ரெவர் பின்ச் ஆகியோர் 1996இல் வெளியிட்ட கட்டுரை, அமெரிக்க நாட்டுப்புற உழவர்கள் காரைத் தம் பண்ணை வேலைகளுக்கு ஏற்றவாறு மாற்றியதை எடுத்துக்காட்டி இப்போக்கைத் திருப்பியது. கேத்லின் ஃபிரான்ஸ் (2005), கெவின் போர்க் (2007), டேவிட் லக்ஸ்கோ (2008) ஆகியோரின் நூல்கள் முறையே கார் உரிமையாளர், மெக்கானிக், வேகக்கார் ஆர்வலர் ஆகிய மூவரையும் வரலாற்றின் மையத்துக்குக் கொண்டுவந்தன.

இவ்வாய்வுகளின் தொடர்ச்சியாக, காரின் ஒரேயொரு சிறு உறுப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறது இக்கட்டுரை. கார்புரேட்டரில் உள்ள கலவைத் திருகே அவ்வுறுப்பு. ஒரு திருப்புளியால் அரைச்சுற்று திருப்பினால் எஞ்சினின் இயல்பே மாறிவிடும். அத்திருகைத் திருப்பும் உரிமை யாருக்கு, எந்த அளவுகோலைக் கொண்டு அவர் அதைத் திருப்ப வேண்டும் என்ற இரு வினாக்களும் நூறாண்டுகளாக ஒன்றோடொன்று பிணைந்தே வந்துள்ளன.

1. கலவையும் அதன் மூன்று இலக்குகளும்

ஒரு கிலோகிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். கொள்ளளவில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று தேவைப்படுகிறது. இவ்விகிதத்தைவிடப் பெட்ரோல் மிகுந்திருப்பின் அது செறிந்த கலவை. குறைந்திருப்பின் மெலிந்த கலவை.

14.7 என்பது வேதியியல் தரும் எண். ஓட்டுநர் விரும்பும் எண் அதுவாகவே இருக்க வேண்டியதில்லை. எஞ்சின் மிகுந்த ஆற்றலைத் தருவது 12.5 முதல் 13 வரையிலான செறிந்த கலவையில். மிகுந்த சிக்கனம் கிடைப்பது 15க்கும் 16க்கும் இடைப்பட்ட மெலிந்த கலவையில். கழிவுப்புகையின் நிலை இன்னும் சிக்கலானது. கலவை செறியச் செறியக் கார்பன் மோனாக்சைடு விரைந்து கூடுகிறது. சற்றே மெலிந்த கலவையில் நைட்ரஜன் ஆக்சைடுகள் உச்சத்தை அடைகின்றன. மிகவும் மெலிந்தால் எரியாத ஹைட்ரோகார்பன்கள் வெளியேறுகின்றன. ஆகவே ‘சரியான கலவை’ என்று ஒன்றைத் தனியே சுட்ட இயலாது. ஆற்றல், சிக்கனம், தூய்மை ஆகிய மூன்றில் எது இலக்கு என்பதைப் பொறுத்தே கலவை சரியா தவறா என்பது முடிவாகிறது. இக்கட்டுரை விவரிக்கும் வரலாறு முழுவதும் இவ்வுண்மையிலிருந்தே கிளைக்கிறது.

2. ஓட்டுநரின் கையில் இருந்த ஊசி

கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில், எரிபொருளின் மேற்பரப்பிலிருந்து எழும் ஆவியே காற்றோடு கலந்தது. 1893இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும், ஹங்கேரியில் டோனாட் பாங்கி, யானோஷ் சோங்கா ஆகியோரும் எரிபொருளை நுண்துளை வழியே தெளிக்கும் கார்புரேட்டரை உருவாக்கினர். நுண்துளை வந்தபின் அதனுள் நுழையும் ஊசியும், ஊசியை ஏற்றி இறக்கும் திருகும் இயல்பாகவே உடன் வந்தன.

1908 முதல் 1927 வரை தயாரிக்கப்பட்டு 1.5 கோடிக்கும் மேல் விற்பனையான ஃபோர்டு ‘மாடல் டி’ காரில் இவ்வூசியைத் திருப்பும் கம்பி, ஓட்டுநரின் இருக்கையிலிருந்து எட்டும்படி முன்பலகையிலேயே அமைந்திருந்தது. இது தற்செயலான அமைப்பன்று. குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாது; எனவே செறிந்த கலவை வேண்டும். எஞ்சின் சூடேறியதும் அதைக் குறைக்க வேண்டும். மலைப்பாதையில் ஏறினால் காற்று அடர்த்தி குறைவதால் கலவை தானே செறிந்துவிடும். பெட்ரோலின் தரமும் ஊருக்கு ஊர் மாறுபட்டது. ஆகவே கலவையைச் சீரமைப்பது ஆண்டுக்கொருமுறை செய்யும் பராமரிப்பாக அன்றி, காரை ஓட்டுவதன் ஒரு பகுதியாகவே இருந்தது.

ஃபோர்டு நிறுவனம் உரிமையாளருக்கு அளித்த வினா விடைக் கையேடு இதற்கொரு முறையைக் கற்பித்தது. எஞ்சின் தடுமாறத் தொடங்கும்வரை ஊசியை இறுக்க வேண்டும். பின்னர் மெல்லத் தளர்த்தி, எஞ்சின் அதன் உச்ச வேகத்தை எட்டும் இடத்தில், கரும்புகை வராத நிலையில் நிறுத்த வேண்டும். முதலில் மெலிவை நோக்கிப் போய், பின் திரும்பி வந்து, எஞ்சின் நன்றாக ஓடும் இடத்தில் நிற்பதே இம்முறை. இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. காது ஒலியைக் கேட்டது. கண் புகையைப் பார்த்தது.

தொடக்ககாலத்தில் செல்வர்கள் தம் கார்களை ஓட்டவும் பேணவும் அமர்த்திக்கொண்ட ஓட்டுநர் மெக்கானிக்குகள்மீது அவர்கள் கொண்டிருந்த ஐயத்தைக் கெவின் போர்க் விரிவாக விவரிக்கிறார். எஞ்சினை அறிந்த பணியாளர்முன் அதை அறியாத உரிமையாளர் வலுவிழந்து நின்றார். இப்பின்னணியில் நோக்கினால், கலவையைத் தாமே சீரமைத்தல் செலவைக் குறைக்கும் வழியாக மட்டும் அமையவில்லை. பிறரைச் சாராதிருக்கும் வழியாகவும் அமைந்தது என்பது விளங்கும்.

3. எஸ்.யு. கார்புரேட்டரும் காதின் பயிற்சியும்

ஓட்டும்போதே ஊசியைத் திருப்பும் நிலை நெடுங்காலம் நீடிக்கவில்லை. வேகத்துக்கேற்பத் தானே இசைந்துகொள்ளும் கார்புரேட்டர்கள் வந்தன. அவற்றுள் பிரித்தானியக் கார்களோடு நெடிய உறவுடையது எஸ்.யு. காலணி வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் இதை உருவாக்கினார். இதன் தொடக்க வடிவில் ஏறி இறங்கும் பகுதி தோலாலான துருத்தியாக இருந்தது. பின்னர் உலோகப் பிஸ்டன் அவ்விடத்தைப் பெற்றது. 1926இல் வில்லியம் மோரிஸ் இந்நிறுவனத்தை வாங்கினார். மோரிஸ் மைனர், மினி, எம்.ஜி. முதலிய கார்களில் எஸ்.யு. கார்புரேட்டர் பல பத்தாண்டுகள் இடம்பெற்றது.

எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது பிஸ்டன் உயர்கிறது. அதனோடு இணைந்த கூம்பிய ஊசி ஜெட்டிலிருந்து வெளிவர, பெட்ரோல் செல்லும் வழி அகல்கிறது. கலவையைத் திருத்துவதற்கு ஜெட்டின் அடியில் அறுமுக நட்டு ஒன்று உண்டு. அதை மேலேற்றினால் கலவை மெலியும், கீழிறக்கினால் செறியும். ஆறு முகங்களுள் ஒரு முகம் அளவு திருப்பினாலே எஞ்சினின் ஒலியில் வேறுபாடு தெரியும்.

திருத்தியது சரிதானா என்று சோதிக்கும் முறை எளிமையும் நுட்பமும் வாய்ந்தது. எஞ்சின் ஐடிலிங்கில், அதாவது நின்ற நிலையில், ஓடிக்கொண்டிருக்கும்போது பிஸ்டனை ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் மட்டும் உயர்த்த வேண்டும். எஞ்சினின் வேகம் ஒரு கணம் சற்றே கூடிப் பழைய நிலைக்குத் திரும்பினால் கலவை சரி. வேகம் கூடி அப்படியே நின்றால் கலவை செறிந்துள்ளது. வேகம் குறைந்தாலோ எஞ்சின் நின்றுவிட்டாலோ கலவை மெலிந்துள்ளது. பிஸ்டனை உயர்த்துவதால் கலவை செயற்கையாக மெலிகிறது. முன்பே மெலிந்த எஞ்சின் அதைத் தாங்காது. செறிந்த எஞ்சின் அதை வரவேற்கும். மருத்துவர் நாடி பார்ப்பதற்கு ஒப்பான இச்சோதனை, எஞ்சினிடமே கேள்வி கேட்டு அதன் ஒலியையே விடையாகப் பெறுகிறது.

இரட்டைக் கார்புரேட்டர் கொண்ட கார்களில் இரண்டும் ஒரே அளவு காற்றை உறிஞ்சுகின்றனவா என்று அறிய, ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயிலும் வைத்துச் சீறொலியை ஒப்பிட்டனர். ஓடி நின்ற எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பதும் வழக்கம். சாம்பல் கலந்த பழுப்பு நிறம் நல்ல கலவைக்கும், புகைக்கரி செறிவுக்கும், வெண்மை மெலிவுக்கும் அடையாளங்கள்.

4. நூலும் கண்ணாடிப் பிளக்கும்

இத்தகைய அறிவு எவ்வாறு பரவியது என்பது தனியே நோக்கத்தக்கது. கார் நிறுவனங்கள் வெளியிட்ட பழுதுபார்ப்புக் கையேடுகள் பட்டறைகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. 1965இல் ஏடனில் பிரித்தானிய வான்படையில் பணியாற்றிய ஜான் ஹெய்ன்ஸ், தம்முடன் பணியாற்றிய ஒருவரின் ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட் காரைச் சீரமைக்க உதவியபோது இக்குறையை உணர்ந்தார். காரை முற்றிலும் பிரித்து மீண்டும் பூட்டி, ஒவ்வொரு படியையும் புகைப்படம் எடுத்து, 1966இல் அதே காருக்கான முதல் கையேட்டை வெளியிட்டார். கலவைத் திருகுக்கான பகுதி அவ்வரிசை நூல்களில் நிலையான இடம் பெற்றது. பட்டறையில் குருவிடம் நின்று கற்ற வேலை, வீட்டு வாயிலில் நூலைப் பக்கத்தில் விரித்துவைத்துக் கற்கும் வேலையாயிற்று.

காது பழகாதவர்க்குக் கருவிகளும் வந்தன. கன்சன் நிறுவனத்தின் ‘கலர்டியூன்’ அவற்றுள் புகழ்பெற்றது. கண்ணாடிச் சாளரம் பொருத்திய ஸ்பார்க் பிளக்கே இது. எஞ்சினுக்குள் எரியும் தீயின் நிறத்தை இதன்வழி நேரிலேயே காணலாம். மஞ்சள் தீ செறிவைக் காட்டும். வெளிறிய வெண்ணீலம் மெலிவைக் காட்டும். ஆய்வகப் புன்சன் விளக்கின் நீலம் தோன்றும் இடத்தில் திருகை நிறுத்த வேண்டும்.

இக்காலம்வரை அளவுகோல் எங்கே இருந்தது என்பது கருதத்தக்கது. காது, கண், ஸ்பார்க் பிளக், கண்ணாடிப் பிளக் ஆகிய அனைத்தும் ஒரே எஞ்சினின் நலத்தையே அளந்தன. அந்த எஞ்சின் நன்றாக ஓடினால் வேலை முடிந்தது. புகைக்குழாய்க்கு வெளியே என்ன நிகழ்கிறது என்பதை அவற்றுள் எதுவும் அளக்கவில்லை. அளக்க வேண்டும் என்ற எண்ணமும் எழவில்லை.

5. நகரத்தின் காற்று என்னும் புதிய அளவுகோல்

லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 1943ஆம் ஆண்டுக் கோடையில் கண்களை எரிக்கும் புகைப்பனி சூழ்ந்தது. 1950களின் தொடக்கத்தில் கால்டெக் நிறுவனத்தின் வேதியியலாளர் ஆரி ஹாகன்ஸ்மிட் அதன் காரணத்தை விளக்கினார். ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோனை உருவாக்குகின்றன. அவற்றின் முதன்மையான ஊற்றுகளுள் ஒன்று கார்.

இக்கண்டுபிடிப்பு கலவைத் திருகின் பொருளையே மாற்றியது. தம் காரின் கலவையைச் சற்றுச் செறிவாக வைப்பவர்க்கு எஞ்சின் தடுமாறாமல் ஓடும் என்ற நன்மை கிட்டுகிறது. அதன் தீமை ஊர் முழுவதற்கும் பகிரப்படுவதால் அவருக்குத் தெரிவதில்லை. இலட்சக்கணக்கானோர் அவ்வாறே செய்யும்போதுதான் அது புகைப்பனியாகிறது. ஓர் எஞ்சினைக் கேட்கும் காதால் நகரத்தின் காற்றைக் கேட்க இயலாது.

1966 மாதிரிக் கார்களுக்குக் கலிபோர்னியாவும், 1968 மாதிரிக் கார்களுக்கு அமெரிக்கக் கூட்டாட்சி அரசும் கழிவுப்புகை வரம்புகளை விதித்தன. 1970ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டம், கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பன்களையும் 1975 மாதிரிக்குள் 90 விழுக்காடு குறைக்கப் பணித்தது. இவ்வரம்புகளை எட்டுவதற்கு நிறுவனங்கள் கையாண்ட முதல் வழிகளுள் ஒன்று ஐடிலிங் கலவையை மெலித்தல். அதன் விளைவாக எஞ்சின்கள் நடுங்கின. சந்திப்பு விளக்குகளில் நின்றுபோயின. உரிமையாளர்களும் மெக்கானிக்குகளும் அறிந்திருந்த மருந்து ஒன்றே: திருகைச் சற்றுத் தளர்த்துதல்.

6. திசை மாறிய திருகு

இம்முரண்பாட்டைத் தெளிவாகப் பதிவுசெய்த சான்று, 1970களின் அமெரிக்கக் கார்களின் எஞ்சின் மூடிக்கடியில் ஒட்டப்பட்ட உமிழ்வுக் கட்டுப்பாட்டுத் தகவல் சீட்டு. ஐடிலிங் கலவைக்கு அச்சீட்டுகள் பலவும் ஒரு முறையை விதித்தன. முதலில் திருகைச் சுழற்றி எஞ்சின் உச்ச வேகத்தில் ஓடும் இடத்தைக் கண்டறிய வேண்டும். பின்னர், வேகம் குறிப்பிட்ட சுற்றுகள் அளவுக்குக் குறையும்வரை மெலிவை நோக்கித் திருகை இறுக்க வேண்டும்.

இதனை ‘மாடல் டி’ கையேட்டோடு ஒப்பிட்டால் மாற்றத்தின் ஆழம் புலனாகும். இரண்டிலும் செயல்கள் ஒன்றே: மெலித்தல், உச்ச வேகத்தைக் கண்டறிதல். வரிசைதான் தலைகீழாயிற்று. முன்னதில் கை மெலிவிலிருந்து புறப்பட்டு, எஞ்சின் நன்றாக ஓடும் இடத்தில் நின்றது. பின்னதில் கை எஞ்சின் நன்றாக ஓடும் இடத்திலிருந்து புறப்பட்டு, அதைக் கைவிட்டு மெலிவில் நின்றது. காது ‘இங்கே நிறுத்து’ என்று சொன்ன இடத்தைத் தாண்டிச் செல்லுமாறு சீட்டு கட்டளையிட்டது.

அறுபது ஆண்டுகளாகக் காதுக்குக் கீழ்ப்படியப் பழகிய கையிடம், காதை மீறும்படி கேட்பது எளிதன்று. அச்சீட்டுக்கு இணங்குவதால் உரிமையாளருக்குக் கிடைப்பது நடுங்கும் எஞ்சின். ஊருக்குக் கிடைப்பதோ கண்ணுக்குத் தெரியாத நன்மை. அறிவுரையால் மட்டும் இம்முரணைத் தீர்க்க முடியாதென்ற நிலையில்தான் திருகை மூடும் முடிவு எடுக்கப்பட்டது எனலாம்.

7. மூடியும் சட்டமும்

மூடல் படிப்படியாக நிகழ்ந்தது. முதலில் திருகின் தலையில் பிளாஸ்டிக் தொப்பி வந்தது. அது திருகை ஒரு சுற்றுக்கும் குறைவாகவே சுழல விட்டது. இடுக்கியால் பிடுங்கினால் தொப்பி கழன்றுவிடும். 1979இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட விதிகள், 1981 மாதிரி முதல் ஐடிலிங் கலவை எளிதில் மாற்ற முடியாதபடி இருத்தல் வேண்டும் என்ற நிலையைக் கொண்டுவந்தன. கார்புரேட்டரின் உடலுக்குள் திருகு புதைக்கப்பட்டு எஃகு அடைப்பான் அடிக்கப்பட்டது. துளையிட்டாலன்றி அதை அடைய முடியாது. பிரித்தானியக் கார்களிலும் 1970களின் பிற்பகுதியில் கார்புரேட்டர்களுக்கு முத்திரை மூடிகள் இடப்பட்டன.

சட்டமும் இதே வகையில் படிப்படியாக இறங்கியது. உமிழ்வுக் கட்டுப்பாட்டு உறுப்புகளைச் செயலிழக்கச் செய்வதை 1970ஆம் ஆண்டுச் சட்டம் தயாரிப்பாளருக்கும் விற்பனையாளருக்கும் தடைசெய்தது. 1977ஆம் ஆண்டுத் திருத்தம் அத்தடையைப் பழுதுபார்ப்புத் தொழில் செய்வோருக்கும் விரித்தது. 1990ஆம் ஆண்டுத் திருத்தம் எவருக்கும் பொருந்துமாறு அதை மாற்றியது. சில மாநிலங்கள் உரிமையாளரை முன்பே கட்டுப்படுத்தியிருந்தபோதிலும், கூட்டாட்சிச் சட்டம் வீட்டு வாயிலை அடைய இருபது ஆண்டுகள் ஆயின. தொழிற்சாலையில் தொடங்கிப் பட்டறை வழியாக வீட்டை அடைந்த இவ்வரிசை, சொந்த உடைமையின்மீது தனிமனிதர் கொண்ட உரிமையைத் தொடுவதற்குச் சட்டம் காட்டிய தயக்கத்தை உணர்த்துகிறது.

8. காதுக்குப் பதிலாக உணரி

மூடி கையைத் தடுத்தது. காதின் இடத்தை அதனால் நிரப்ப முடியவில்லை. அதை நிரப்பியது ஆக்சிஜன் உணரி. வால்வோ நிறுவனம் 1976இல் அறிவித்து, 1977 மாதிரிக் கார்களில் கலிபோர்னியாவில் விற்ற ‘லாம்டாசோன்ட்’ அமைப்பு இதன் தொடக்கம். போஷ் நிறுவனத்தின் சிர்கோனியா உணரி கழிவுப்புகையில் எஞ்சிய ஆக்சிஜனை உணர்ந்து, கலவை செறிந்திருந்தால் ஏறத்தாழ 0.9 வோல்ட்டும் மெலிந்திருந்தால் 0.1 வோல்ட்டும் தந்தது. மின்னணுக் கட்டுப்பாட்டகம் அதைக்கொண்டு எரிபொருளை இடைவிடாது திருத்தியது.

இதன் தேவை வினையூக்கி மாற்றியிலிருந்து எழுந்தது. கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு ஆகிய மூன்றையும் ஒருங்கே மாற்றும் மும்முனை வினையூக்கி, 14.7ஐச் சுற்றிய மிகக் குறுகிய எல்லைக்குள்ளேயே திறம்படச் செயற்படும். எத்துணைப் பழகிய காதும் அவ்வெல்லைக்குள் கலவையை நிறுத்திவைக்க இயலாது. மனிதப் புலன் தோற்றது இங்கேதான். அதே சமயம் நன்மையும் நேர்ந்தது. நச்சை நீக்கும் பொறுப்பு வினையூக்கியிடம் சென்றதால், எஞ்சினை நடுங்கும் அளவுக்கு மெலிக்க வேண்டிய தேவை அகன்றது. 1970களில் பிரிந்த இரு அளவுகோல்களும் ஓரளவுக்கு மீண்டும் இணைந்தன. ஆனால் உரிமையாளரின் கை அவ்விணைப்பில் இடம்பெறவில்லை.

9. இந்தியச் சூழல்

இந்தியாவில் இதே வரலாறு காலந்தாழ்ந்தும் சுருங்கியும் நிகழ்ந்தது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 115ஆம் விதி, ஐடிலிங்கில் ஓடும் நான்கு சக்கரப் பெட்ரோல் வண்டிகளின் கழிவுப்புகையில் கார்பன் மோனாக்சைடு 3 விழுக்காட்டையும், இரு, மூன்று சக்கர வண்டிகளில் 4.5 விழுக்காட்டையும் தாண்டலாகாது என வரையறுத்தது. மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழும் இவ்விதியின்கீழ் வந்ததே. திருகு எந்த நிலையில் கலவையை ஆள்கிறதோ, அதே ஐடிலிங் நிலையையே சோதனையும் அளந்தது. எனவே சோதனைக்கு முன் திருகை இறுக்கி, பின்னர்த் தளர்த்திக்கொள்ள இடமிருந்தது. அமெரிக்காவில் மூடி அடைத்த வழி இங்கே திறந்தே கிடந்தது.

1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றியும் ஈயமில்லாப் பெட்ரோலும் கட்டாயமாயின. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபோது, பெரும்பாலான புதிய இருசக்கர வண்டிகளிலும் கார்புரேட்டரின் இடத்தை எரிபொருள் உட்செலுத்தி பெற்றது. தமிழகப் பட்டறைகளில் ‘ஏர் ஸ்க்ரூ’, ‘ஸ்லோ’, ‘டியூனிங்’ என்று வழங்கும் சொற்கள் சுட்டிய கைவினையும் அதனோடு பழைய வண்டிகளுக்குள் ஒடுங்கத் தொடங்கியது.

10. கணினியாக வீடு திரும்பிய திருகு

மூடிய திருகு வேறு உருவில் திரும்பியது. 2001இல் அமெரிக்காவின் புரூஸ் பௌலிங், அல் கிரிப்போ ஆகியோர் ‘மெகாஸ்குவர்ட்’ என்னும் எரிபொருள் கட்டுப்பாட்டகத்தை உருவாக்கினர். மின்சுற்றுப் பலகையையும் உறுப்புகளையும் வாங்கி, வீட்டு மேசையில் தாமே பற்றவைத்து முடிக்க வேண்டிய தொகுப்பு அது. இங்கே திருகுக்குப் பதிலாக எண்கட்டம் இருந்தது. எஞ்சின் சுழற்சி வேகம் ஓர் அச்சிலும், உள்ளிழுக்கும் குழாயின் அழுத்தம் மற்றோர் அச்சிலும் அமைந்த அக்கட்டத்தின் ஒவ்வோர் அறையிலும் எரிபொருளின் அளவை உரிமையாளரே நிரப்பினார். ஒரு திருகு பல திருகுகளாயிற்று.

இதற்குத் துணைநின்றது அகல்வரிசை ஆக்சிஜன் உணரி. பழைய உணரி கலவை செறிந்ததா மெலிந்ததா என்று மட்டுமே சொன்னது. இதுவோ விகிதத்தை எண்ணாகவே காட்டியது. உரிமையாளரின் காதை வெளியேற்றிய அதே வகைக் கருவி, மேம்பட்ட வடிவில் அவருக்கே துணையாயிற்று. 12.5ஐ நாடி ஆற்றலைப் பெருக்கவும் 14.7ஐ நாடித் தூய்மையைக் காக்கவும் இக்கருவி ஒன்றுபோலவே உதவும். எந்த எண்ணை நாடுவது என்பதைக் கருவி முடிவுசெய்வதில்லை. வினையூக்கியை நீக்கிவிட்டு ஆற்றலை மட்டும் நாடுவோர்க்குக் கருவியும் நிரலும் விற்போர்மீது அமெரிக்க முகமை நடவடிக்கை எடுத்துவந்ததற்கு இதுவே காரணம்.

11. 2015: முத்திரையின் இரு பக்கங்கள்

இவ்வரலாற்றின் கூர்மையான முரண் 2015இல் வெளிப்பட்டது. 1998ஆம் ஆண்டு அமெரிக்க எண்மப் பதிப்புரிமைச் சட்டம், காரின் கணினிக்குள் இருக்கும் நிரலைத் திறப்பதற்கும் தடையாக அமைந்தது. பழுதுபார்ப்புக்காகவும் சட்டத்துக்கு உட்பட்ட மாற்றத்துக்காகவும் நிரலைத் திறக்க உரிமையாளருக்கு விலக்கு வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. உரிமையாளர்கள் உமிழ்வுக் கட்டுப்பாட்டைக் கெடுத்துவிடக்கூடும் என்று அஞ்சிய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, 2015 ஜூலையில் அக்கோரிக்கையை எதிர்த்துப் பதிப்புரிமை அலுவலகத்துக்கு எழுதியது.

இரண்டு மாதங்கள் கழித்து, செப்டம்பர் 18 அன்று, அதே முகமை ஃபோக்ஸ்வேகன் நிறுவனத்துக்கு விதிமீறல் அறிவிக்கை அனுப்பியது. ஏறத்தாழ 4,82,000 டீசல் கார்களின் நிரல், சோதனை நடப்பதை அடையாளம் கண்டு அப்போது மட்டும் கட்டுப்பாட்டை முழுமையாக இயக்கியது. சாலையில் அக்கார்கள் வரம்பைப் போல் 40 மடங்குவரை நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளியிட்டன. டீசல் எஞ்சினில் கலவைத் திருகு இல்லை. கலவை இயங்கும் முறையும் வேறு. ஆயினும் கேள்வி ஒன்றே. உரிமையாளரை நம்பாமல் முத்திரையிடப்பட்ட நிரலுக்குள் தயாரிப்பாளரே திருகைத் திருப்பியிருந்தார். மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிறு அளவுகருவிகளைக் காரிலேயே ஏற்றி, சாலையில் ஓட்டி அளந்ததால்தான் இவ்வேறுபாடு புலப்பட்டது. அக்டோபர் இறுதியில் உரிமையாளருக்கான விலக்கு வழங்கப்பட்டது. ஓராண்டு கழித்து அது நடைமுறைக்கு வந்தது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வருவன பெறப்படுகின்றன.

முதலாவதாக, கலவைத் திருகின் மூடல் அறியாமையின்மீது அறிவு பெற்ற வெற்றி அன்று. காதின் அறிவு தன் இலக்கைப் பொறுத்தவரை துல்லியமானதே. இலக்கு ஓர் எஞ்சினிலிருந்து ஒரு நகரத்தின் காற்றுக்கு மாறியபோது அவ்வறிவு போதாததாயிற்று. ‘மாடல் டி’ கையேட்டுக்கும் 1970களின் தகவல் சீட்டுக்கும் இடையே வரிசை தலைகீழானது இம்மாற்றத்தின் தடயம்.

இரண்டாவதாக, மூடலை உரிமைப் பறிப்பு என்று மட்டும் காண்பதும் பொருந்தாது. எஞ்சினின் உரிமையாளர் ஒருவர். அதன் புகையைச் சுவாசிப்பவர் பலர்.

மூன்றாவதாக, முத்திரை தானாக நேர்மையை ஈட்டித் தராது. அது திருப்பும் கையை மாற்றுகிறது, கையை அகற்றுவதில்லை. 2015ஆம் ஆண்டு நிகழ்வில் உண்மையை வெளிக்கொணர்ந்தது புகைக்குழாயின் முனையில் வெளியார் வைத்த அளவுகருவியே. ஆகவே, திருகைத் திருப்புபவர் யார் என்பதைக் காட்டிலும், திருப்பியபின் அளப்பவர் யார், அவ்வளவையைச் சரிபார்க்கும் வாய்ப்பு யாருக்கு உண்டு என்ற வினாவே அடிப்படையானது.

அமெரிக்கரும் பிரித்தானியரும் தம் கையேடுகள், சீட்டுகள், சட்டங்கள் வழி இவ்வறிவைத் தாளில் விட்டுச்சென்றுள்ளனர். தமிழகத்தில் இது பெரிதும் பட்டறைகளில், குருவிடமிருந்து சீடருக்கு வாய்மொழியாகச் சென்ற அறிவு. கார்புரேட்டரைக் காதால் சீரமைத்த தலைமுறையினர் இன்றும் தொழிலில் உள்ளனர். அவர்களின் சொற்களையும் செய்முறைகளையும் கள ஆய்வின்வழித் தொகுப்பது தமிழ்க் கலைச்சொல் ஆய்வுக்கும் தொழில்நுட்ப வரலாற்றுக்கும் உடனடியாகச் செய்யத்தக்க பணியாகும்.